பிணை மறுப்பே தண்டனை: ரௌலட் முதல் ஊபா வரை

ஊபாவில் ஒருவர் கைது என்று செய்தி வரும்போதெல்லாம் நம் படிப்பு வட்டங்களில் ஒரு கேள்வி எழுகிறது. "ஒண்ணுமே செய்யாதவங்க மேல இவ்வளவு பெரிய கேஸ் போடுவாங்களா?" கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி முதலாண்டு மாணவர்கள். கேள்வியில் தவறில்லை. சட்டம் என்றால் குற்றம், விசாரணை, தீர்ப்பு, அதன் பிறகு தண்டனை என்றுதான் நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

தீவிரவாதத் தடுப்புச் சட்டங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கின. முதலில் சிறை. விசாரணை எப்போதாவது. தீர்ப்பு வருவதற்குள் ஒருவருடைய வேலை, படிப்பு, உடல்நலம், சில வேளைகளில் உயிரும் போயிருக்கும். இது ஏதோ ஓர் ஆட்சியில் நடந்த விபத்து என்று நினைத்தால் ஏமாந்து போவோம். இருநூறு ஆண்டுகளாக ஒரு சட்டம் செத்தால் இன்னொரு சட்டத்தில் உயிர்பிழைத்து வந்திருக்கும் ஏற்பாடு இது. அந்த வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளையர் செய்து வைத்த கருவி

1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வா படையை மகர் வீரர்கள் எதிர்த்து நின்றார்கள் என்பதை நாம் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறோம். அதே 1818-ல்தான் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காள ஒழுங்குவிதி மூன்றைக் கொண்டுவந்தது. விசாரணை இல்லாமல், குற்றச்சாட்டு இல்லாமல், 'அரசுக் கைதி' என்று பெயர் சூட்டி ஒருவரைச் சிறையில் வைக்க அது வழி செய்தது. ஆள்தூக்கிச் சட்டங்களின் மூதாதை இதுவே.

1871-ல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. செய்த குற்றத்திற்காக இல்லாமல், பிறந்த பிறப்புக்காகவே ஒரு சமூகத்தைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்த சட்டம் அது. 1911-ல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில், கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் இறந்தார்கள். சாதியைப் பார்த்து ஆளைச் சந்தேகிக்கும் பழக்கத்தைக் காவல் நிலையங்கள் அங்கிருந்துதான் கற்றன.

1919 மார்ச்சில் ரௌலட் சட்டம். முதல் உலகப்போருக்காகக் கொண்டுவந்த அவசரகால அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் கைவிட ஆங்கிலேய அரசுக்கு மனமில்லை. புரட்சிகரக் குற்றங்களை ஒடுக்குவது என்ற பெயரில் விசாரணையின்றிச் சிறை, ஜூரி இல்லாத நீதிமன்றம், மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு எல்லாம் சட்டமாயின. அதை எதிர்த்த அமிர்தசரஸின் தலைவர்கள் கிச்சலுவும் சத்தியபாலும் ஏப்ரல் 10 அன்று கைதாகி நாடுகடத்தப்பட்டனர். மூன்று நாள் கழித்து ஜாலியன்வாலா பாக். அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தனர். தீவிரவாதிகளுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டத்தின் முதல் பலி, ஒரு தோட்டத்தில் கூடியிருந்த ஊர்மக்கள்.

அரசமைப்புச் சட்டத்தில் அம்பேத்கர் வைத்த தடுப்பு

சுதந்திர இந்தியா இந்தக் கருவியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அரசியல் நிர்ணய சபையில் நடந்ததை இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் அம்பேத்கரின் பங்கு இதில் நேரடியானது.

உயிருக்கும் சுதந்திரத்திற்கும் உரிமை தரும் பிரிவின் வரைவில் இருந்த 'முறையான நீதி நடைமுறை' என்ற கருத்தை நீக்கிவிட்டு, 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற சொற்றொடரைச் சேர்த்தார்கள். நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்க வேண்டியதில்லை. சட்டமன்றம் வகுத்திருந்தால் போதும் என்பது இதன் பொருள். இன்று அது பிரிவு 21. இந்த மாற்றத்தில் பலருக்கும் மனநிறைவில்லை என்பதை அம்பேத்கர் மறைக்கவில்லை. அந்த இழப்புக்கு ஓர் ஈடாக 1949 செப்டம்பர் 15 அன்று புதிய பிரிவு ஒன்றை அவரே முன்மொழிந்தார். அதுதான் பிரிவு 22 ஆனது.

கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவை பிரிவு 22 தரும் உரிமைகள். ஆனால் அதே பிரிவு தடுப்புக் காவலுக்கு விதிவிலக்கும் கொடுத்தது. போர் இல்லாத அமைதிக் காலத்திலேயே விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரம், அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே இடம்பிடித்தது. அம்பேத்கரைக் கொண்டாடும் நாம் இதை மறைக்கத் தேவையில்லை. இருந்த அரசியல் பலத்தில் ஒரு தடுப்பை அவர் போட்டு வைத்தார். அந்தத் தடுப்பை எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்று பின்வந்த ஒவ்வோர் அரசும் பார்த்தது.

ஓராண்டுச் சட்டம், இருபதாண்டு ஆயுள்

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. ஒரு மாதம் முடிவதற்குள், பிப்ரவரி இறுதியில், தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. அப்போது இலக்கு கம்யூனிஸ்டுகள். அதே பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

சென்னை மாகாணச் சிறையில் இருந்த மலபார் தலைவர் ஏ.கே.கோபாலன் இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 'கோபாலன் எதிர் சென்னை அரசு' என்ற அந்த வழக்கில் 1950 மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் உரிமைகளைத் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பார்க்கக் கூடாது என்று மாறுபட்டு எழுதினார். அவர் சொன்னதன் சாரத்தை நீதிமன்றம் ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1951 ஏப்ரல் 1 வரை மட்டும் என்று சொல்லித்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நீட்டித்து நீட்டித்து 1969 டிசம்பர் 31 வரை அது இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1971-ல், மிசா வந்தது. நெருக்கடி நிலையில் மிசா என்ன செய்தது என்பது தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, கைதானவர்கள் சென்னைச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார்கள், அதில் பாதிக்கப்பட்ட சிட்டிபாபு உயிரிழந்தார். நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மிசாவிலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் சிறைப்பட்டதை ஷா ஆணையம் பதிவு செய்தது. மிசா போனது. 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெயர் மாறும், அதிகாரம் இருக்கும்.

தடாவும் பொடாவும்

1985-ல் வந்த தடாவுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு என்றார்கள். 1987-ல் மீண்டும் நிறைவேற்றி, நீட்டித்து 1995 வரை ஓட்டினார்கள். பஞ்சாபுக்கு என்று சொன்ன சட்டம் குஜராத்திலும் ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைக்கு அனுப்பியது. கைதானவர்கள் 76,000-க்கும் மேல். தண்டிக்கப்பட்டவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதாவது நூறு பேரைப் பிடித்தால் 98 பேர் தீர்ப்பில் தண்டனை பெறவில்லை. ஆனால் சிறையில் இருந்தார்கள்.

தடாவில் இன்னொரு கொடுமை உண்டு. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் பொதுவான சட்டத்தில் சாட்சியமாகாது. அடித்து வாங்கியிருப்பார்கள் என்பதே அதன் காரணம். தடா இந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் அது தடா குற்றமே ஆகாது என்று கூறி, 19 பேரை விடுவித்தது. தடா குற்றம் போனது; தடாவில் வாங்கிய வாக்குமூலம் மட்டும் மிச்சப் பேருக்கு எதிராக நின்றது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைத் தாம் முழுமையாகப் பதியவில்லை என்று அதைப் பதிந்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-ல் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதத்தில்.

2002-ல் பொடா. இந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்த கட்சிகளில் ம.தி.மு.க.வும் ஒன்று. அதே ஆண்டு ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக ஜூலை 11 அன்று வைகோ சென்னை விமான நிலையத்தில் பொடாவில் கைதானார். பத்தொன்பது மாதம் சிறை. பழ.நெடுமாறன் கைதானார். 2003-ல் நக்கீரன் கோபால் கைதானார். ஊத்தங்கரைப் பகுதியில் நக்சல் என்று பிடிக்கப்பட்ட இளைஞர்கள் மீதும் பொடா பாய்ந்தது. தலைவர்களின் கைது தலைப்புச் செய்தியானது. ஊத்தங்கரைப் பிள்ளைகளைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் தவிர யார் பேசினார்கள்?

வைகோ வழக்கு நமக்கு ஒரு பாடம். பேச்சையே குற்றமாக்கும் சட்டத்தை 'நம்மவர்கள்' கையில் இருக்கிறது என்று நம்பி ஆதரிக்கக் கூடாது. கை மாறும். சட்டத்தின் வாசகம் அப்படியே இருக்கும்.

காலாவதித் தேதி இல்லாத சட்டம்

2004-ல் பொடாவை நீக்கினார்கள். நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் அதே நேரத்தில் பொடாவின் பயங்கரவாதப் பிரிவுகளை ஊபாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஊபா 1967-ல் பிறந்த சட்டம். பிரிவினைக் கோரிக்கைகளை ஒடுக்கும் முயற்சியின் தொடர்ச்சி அது. அந்த முயற்சியின் முதல் படியான 1963-ன் பதினாறாவது திருத்தக் காலத்தில்தான் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. தொடக்கத்தில் ஊபா அமைப்புகளைத் தடை செய்யும் சட்டம் மட்டுமே. 2004-ல் பயங்கரவாதம் சேர்ந்தது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008-ல் கடுமையான பிணை விதி சேர்ந்தது. 2019-ல் தனிநபரையே பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரம் சேர்ந்தது. தடாவுக்கும் பொடாவுக்கும் ஒரு காலாவதித் தேதியாவது இருந்தது. நீட்டிக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்துக்கு வந்து விவாதிக்க வேண்டும். ஊபாவுக்கு அந்தத் தேதியே கிடையாது.

தோழர்கள் மனப்பாடமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு 43டி(5). போலீஸின் குற்றப்பத்திரிகையையும் வழக்கு நாட்குறிப்பையும் படித்துப் பார்க்கையில் குற்றச்சாட்டு 'முதல் பார்வைக்கு உண்மை' என்று தோன்றினால் நீதிமன்றம் பிணை தரக் கூடாது என்கிறது அது. எழுதுவது போலீஸ். அதைப் படித்துவிட்டுத்தான் நீதிபதி முடிவு சொல்ல வேண்டும். 2019-ல் வத்தாலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிணைக் கட்டத்தில் சாட்சியங்களை எடைபோட்டுப் பார்க்கக் கூடாது என்று சொல்லி இந்தக் கதவை இன்னும் இறுக்கியது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். மற்ற பெரிய குற்றங்களுக்கு 90 நாள்தான்.

2018 முதல் 2020 வரை ஊபாவில் கைதானவர்கள் 4,690. தண்டனை பெற்றவர்கள் 149. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்ன கணக்கு இது. குற்றத்தை நிரூபிப்பதுதான் இந்தச் சட்டத்தின் வேலை என்றால், அது தோற்றுப்போன சட்டம். ஆளை உள்ளே வைப்பதுதான் வேலை என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பீமா கோரேகான்: நினைவேந்தல் சதியானது

1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் சென்று வணங்கிய நினைவுத்தூண் கோரேகானில் இருக்கிறது. அந்தப் போரின் இருநூறாம் ஆண்டையொட்டி 2017 டிசம்பர் 31 அன்று புனேயின் சனிவார் வாடாவில் எல்கர் பரிஷத் நடந்தது. அதைக் கூட்டியவர்களில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் பி.பி.சாவந்தும் கோல்சே பாட்டீலும் உண்டு. மறுநாள் கோரேகானுக்கு வந்த தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள்.

ஜனவரி 2 அன்று பதிவான புகாரில் மிலிந்த் ஏக்போட்டே, சம்பாஜி பிடே ஆகிய இரு இந்துத்துவத் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. முதலாமவர் கைதாகிச் சில வாரங்களில் பிணையில் வந்தார். இரண்டாமவர் கைது செய்யப்படவே இல்லை. ஜனவரி 8 அன்று எல்கர் பரிஷத்துக்கு எதிராக வேறொரு புகார் பதிவானது. அந்தப் புகார்தான் ஊபா வழக்காக வளர்ந்து 16 பேரை விழுங்கியது. பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், கவிஞர்கள், கலைக்குழுப் பாடகர்கள். அடிபட்ட மக்களின் விழா, அடித்ததற்கான சதியாக மாறிப்போனது.

அந்தப் பதினாறு பேரில் மூவரைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

சுதிர் தவாலே, தலித் கவிஞர், 'வித்ரோஹி' இதழின் ஆசிரியர். 2011 ஜனவரியில் ஊபாவில் கைதாகி 40 மாதம் சிறையில் இருந்து, 2014-ல் குற்றமற்றவர் என விடுதலையானவர். 2018 ஜூன் 6 அன்று மறுபடியும் ஊபா. 2025 ஜனவரியில்தான் பிணை. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய பத்து ஆண்டு. ஒரு நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லாமலே இத்தனை ஆண்டு.

ஆனந்த் தெல்தும்டே, சாதியையும் வர்க்கத்தையும் பற்றி நாம் படிக்கும் நூல்களை எழுதியவர். 2020 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்த நாளில், சரணடைய வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், அவர் பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதாக முதல் பார்வைக்குக்கூட ஆதாரமில்லை என்று சொல்லிப் பிணை தந்தது. இந்தச் சொல்லைக் கேட்க அவர் இரண்டரை ஆண்டு காத்திருந்தார்.

ஸ்டேன் சுவாமி, திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார். விசாரணைக் கைதிகளாக அடைபட்ட ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்கு நடத்தியவர். 83 வயதில், 2020 அக்டோபர் 8 அன்று கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது. தண்ணீர் குடிக்க உறிஞ்சு குவளை கேட்டார். பதில் சொல்லவே புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று, பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, விசாரணைக் கைதியாக இறந்தார்.

ரோனா வில்சனின் மடிக்கணினியில் இருந்த கடிதங்கள் வெளியிலிருந்து ஊடுருவி வைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்செனல் ஆய்வு நிறுவனம் 2021-ல் அறிக்கை தந்தது. புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. எது உண்மை என்று முடிவு செய்ய வேண்டியது விசாரணை. அந்த விசாரணை தொடங்காமலே ஆண்டுகள் போவதுதான் நாம் சொல்லும் தண்டனை.

இரண்டு சட்டம், இரண்டு அளவுகோல்

இந்த இடத்தில் 2018-ஐ இன்னொரு முறை பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று கவலைப்பட்டது. பல வழக்குகள் விடுதலையில் முடிவதை எடுத்துக்காட்டியது. முதற்கட்ட விசாரணை நடத்தலாம், உடனடிக் கைது கூடாது, முன்பிணை தரலாம் என்று அதன் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள்; பலர் உயிரிழந்தார்கள்; அதன் பிறகே நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து சட்டத்தை மீட்டது.

நம்மைப் பாதுகாக்கும் சட்டத்தில் தண்டனை விகிதம் குறைந்தால், புகார் பொய் என்கிறார்கள். நம்மை அடைக்கும் சட்டத்தில் தண்டனை விகிதம் குறைந்தால், நாட்டின் பாதுகாப்பு என்கிறார்கள். சந்திரசேகர் ஆசாத்துக்கு 2017 நவம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிணை கொடுத்த மறுநாளே தேசியப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அதே 2017-ல், ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீது குண்டர் சட்டம். மெரினாவில் ஈழத் தமிழருக்கு நினைவேந்த முயன்ற திருமுருகன் காந்தி மீதும் குண்டர் சட்டம். இரண்டையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மெழுகுவத்தியும் துண்டறிக்கையும் யாருடைய பாதுகாப்புக்கு ஆபத்து?

2024 ஜூலை 1 முதல் பயங்கரவாதக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆம் பிரிவாகப் பொதுவான தண்டனைச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தப் பிரிவில் வழக்கா, ஊபாவில் வழக்கா என்பதை முடிவு செய்வது போலீஸ் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி. சிறப்புச் சட்டம் என்று இருந்தது இனி அன்றாடச் சட்டம்.

நாம் பிடித்துக்கொள்ள வேண்டியவை

இவ்வளவுக்குப் பிறகும் எதுவும் செய்ய முடியாது என்று இளைஞர்கள் சோர்ந்துவிடக் கூடாது. நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவின் வழக்கைப் பாருங்கள். 1975-ல் மாணவராக மிசாவில் சிறைபோனவர், 2023 அக்டோபரில் ஊபாவில் சிறைபோனார். 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய கைதே செல்லாது என்றது. காரணம், கைதுக்கான காரணத்தை எழுத்தில் தரவில்லை. நீதிமன்றம் கையில் எடுத்தது பிரிவு 22(1). ஈடாக வைக்கிறேன் என்று சொல்லி அம்பேத்கர் 1949-ல் நிறுத்திய அதே தடுப்பு, 75 ஆண்டு கழித்து ஒரு ஊபா கைதைத் தடுத்து நிறுத்தியது. விசாரணை காலவரையின்றி இழுத்தால் 43டி(5)-ஐ மீறியும் உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் பிணை தரலாம் என்று 2021-ன் நஜீப் தீர்ப்பு சொல்கிறது. இவை சின்னச் சின்னக் கதவுகள்தான். ஆனால் திறக்கின்றன.

ஆகவே தோழர்களே, கைதானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வழக்கறிஞர் வராமல் ரிமாண்டுக்கு நிற்க நேர்ந்தால் அதை நடுவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கைபேசியையோ கணினியையோ எடுத்தால் பறிமுதல் மகஜரின் நகலையும், அந்தக் கருவியின் ஹாஷ் மதிப்பையும் கேட்டு வாங்குங்கள். பீமா கோரேகான் வழக்கு நமக்குத் தந்த பாடம் அது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இரவில் அழைத்தால் எடுக்கும் இரண்டு வழக்கறிஞர்களின் எண் நம்மிடம் இருக்க வேண்டும். சிறையில் இருப்பவருக்குக் கடிதம் போடுங்கள். அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். ஊபா என்ற சொல்லைக் கேட்டதும் உறவினர்களே வாசலை மிதிக்கப் பயப்படும் வீடு அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "அவர் நம்ம அமைப்பு இல்லையே" என்று ஒதுங்காதீர்கள். 1950-ல் கம்யூனிஸ்டுகள், 1976-ல் தி.மு.க.வினர், தடாவில் சீக்கியரும் முஸ்லிம்களும், பொடாவில் ஈழ ஆதரவாளர்கள், 2018-ல் அம்பேத்கரியர்கள். ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் அது தங்கள் பிரச்சினை இல்லை என்று நினைத்தார்கள்.

ஒன்றுமே செய்யாதவர்கள் மேல் இவ்வளவு பெரிய வழக்குப் போடுவார்களா என்று கேட்கும் மாணவருக்கு நம் பதில் இதுதான். அவர்கள் ஏதோ செய்திருக்கிறார்கள், உண்மை. கவிதை எழுதினார்கள், விழா எடுத்தார்கள், ஆதிவாசிகளுக்காக வழக்கு நடத்தினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். இவற்றைக் குற்றம் என்று நிரூபிக்க முடியாது என்பதால்தான், நிரூபிக்கத் தேவையில்லாத சட்டம் வேண்டியிருக்கிறது.